களியக்காவிளைக்கு இருபக்கமும் ஓட வேண்டிய வெப்சைட்

வெப்சைட் கட்ட உதவும் எந்த ஃபிரேம்வொர்க்கை (தயார் கோடுச் சட்டகம்) எடுத்தாலும், அதன் முகப்புப் பக்கத்து டெமோ எப்போதும் அழகாகத்தான் இருக்கும். ஒரு பட்டன், அழுத்தினால் எண் கூடும். இல்லாவிட்டால் ஆங்கிலத்தில் நாலு வரி வேலைப் பட்டியல். அதை நம்பி மார்த்தாண்டத்துத் தேன் கடைக்கோ குலசேகரத்து ரப்பர் நாற்றங்காலுக்கோ வெப்சைட் செய்ய உட்கார்ந்தால், டெமோவில் இல்லாததெல்லாம் வரிசையாக வரும். கன்னியாகுமரி மாவட்டத்துக் களியக்காவிளை தமிழ்நாடு-கேரள எல்லை; அதனால் பக்கம் தமிழிலும் மலையாளத்திலும் ஓட வேண்டும். பார்ப்பவர் நெய்யாற்றின்கரையிலிருந்து ரயிலில் வருகிறவர்; கையில் விலை குறைந்த ஆண்ட்ராய்டு. கடைக்காரர் கணக்கைத் தீர்த்துவிட்டு, மூன்று வருடம் கழித்து "போன் நம்பர் மாத்தணும்" என்று கூப்பிடுவார். அன்றைக்கும் அந்த புராஜெக்ட் பில்ட் ஆக வேண்டும், அதாவது கோடிலிருந்து ஓடும் தளமாக மாற வேண்டும்.

கோடைப் பகிரும் கிட்ஹப் தளத்தில் அந்த ஃபிரேம்வொர்க்குக்கு எத்தனை ஸ்டார் என்பதை அப்புறம் பார்த்துக்கொள்ளலாம். மூன்று வருடம் கழித்து இது என்ன ஆகும், நம் எழுத்துகளை எப்படி நடத்துகிறது என்ற இரண்டையும் முதலில் பார்க்க வேண்டும். இதைத் தனியாளாக உட்கார்ந்து பார்த்து முடிக்க முடியாது. ஊரில் நடக்கும் டெவலப்பர் கூட்டங்களுக்கு உண்மையான பயன் அங்கேதான்.

ஒரு பதிப்பு பின்னால் போய்த் தொடங்குங்கள்

புது ஃபிரேம்வொர்க்கைப் பழகும்போது எல்லோரும் கடைசிப் பதிப்பை நிறுவுவார்கள். அதற்கு முந்தைய பெரிய பதிப்பை நிறுவி, அதில் ஒரு சின்ன ஆப் எழுதி, பிறகு அவர்களுடைய வழிகாட்டியைப் பார்த்துக் கடைசிப் பதிப்புக்கு ஏற்றிப் பாருங்கள். ஒரு பட்டியல் பக்கம், ஒரு படிவம், ஒரு லாகின், மொழி மாற்றும் பட்டன் இவ்வளவு போதும். ஒரு சனி, ஞாயிறில் முடிகிற வேலை. ஃபிரேம்வொர்க்கின் குணம் அதில் தெரிந்துவிடும்.

ஆங்குலர், வ்யூ, ஸ்வெல்ட் என்ற ஃபிரேம்வொர்க்குகளின் வரலாறும் அதைத்தான் சொல்கிறது. ஆங்குலர்ஜேஎஸ்ஸுக்கும் 2016இல் வந்த ஆங்குலர் 2க்கும் பெயர்தான் ஒன்று, உள்ளே வேறு. பழையதற்கு ஆதரவு 2021 கடைசியோடு நின்றது. வ்யூ 3 வந்தது 2020 செப்டம்பரில், வ்யூ 2க்கு ஆதரவு முடிந்தது 2023 டிசம்பர் 31இல். மூன்று வருடத்துக்கு மேல் அவகாசம் இருந்தும் பல இடங்களில் மாற முடியவில்லை. வ்யூ மாறிவிட்டது, அதன் மேல் உட்கார்ந்திருந்த தேதித் தேர்வியும் அட்டவணை நூலகமும் மாறவில்லை. ஏற்றிப் பார்க்கும் சோதனையில் மாட்டுவதும் இதேதான். ஸ்வெல்ட் 5, 2024 அக்டோபரில் 'ரூன்ஸ்' என்ற புது எழுத்துமுறையோடு வந்தது. பழைய முறையில் எழுதியதும் அதில் ஓடும், மாற்றித்தரக் கருவியும் உண்டு. இப்படிப் பாலம் போட்டுத் தருகிறவர்களை நம்பலாம். ஆங்குலர் இப்போது இந்த விஷயத்தில் ஒழுங்கு. அதன் அப்டேட் கட்டளையை ஒவ்வொரு பெரிய பதிப்பாக ஏறிப் போகும்படி வைத்திருக்கிறார்கள். 14இலிருந்து 17க்கு ஒரே தாவலாகத் தாவப் பார்ப்பவர்கள்தான் மாட்டிக்கொள்கிறார்கள்.

ரியாக்ட் நூலகத்தின் மேல் கட்டிய நெக்ஸ்ட் (Next.js) ஃபிரேம்வொர்க்கில் கவனிக்க வேண்டியது கேச், அதாவது ஒருமுறை எடுத்ததைச் சேமித்து வைத்து மீண்டும் அதையே தருவது. டெவலப்மென்ட் முறையில் பக்கம் ஒவ்வொரு முறையும் புதிதாகத் தெரியும். பில்ட் செய்து சர்வரில் ஏற்றியதும், அந்தப் பக்கம் நிலையானதாகக் கணக்கிடப்பட்டிருந்தால் பில்ட் நேரத்து விலையே உறைந்து நிற்கும். டேட்டாபேஸில் விலையை மாற்றினாலும் பக்கத்தில் மாறாது. அதோடு நெக்ஸ்ட் 13, 14இல் ஃபெட்ச் (தரவைக் கேட்டு வாங்கும் கட்டளை) தானாகவே கேச் ஆகும். 2024 அக்டோபரில் வந்த 15இல் அந்த வழக்கத்தைத் தலைகீழாக்கினார்கள். பழைய கட்டுரையைப் பார்த்துப் புதுப் பதிப்பில் எழுதினாலும் கோளாறு, புதுக் கட்டுரையைப் பார்த்துப் பழையதில் எழுதினாலும் கோளாறு. ஒவ்வொரு ஃபெட்சிலும் கேச் வேண்டுமா வேண்டாமா என்று வெளிப்படையாக எழுதிவிடுவது நல்லது. பிறகு பதிப்பு என்ன நினைக்கிறது என்று கவலைப்பட வேண்டியதில்லை.

எந்த நூலகத்தின் எந்தப் பதிப்பு இறங்கியது என்று குறித்து வைக்கும் லாக் கோப்பை, கோடின் மாற்றங்களைச் சேமிக்கும் கிட் (Git) கருவியில் சேர்க்காமல் விடுவது இன்னும் ஒழியாத பழக்கம். பேக்கேஜ் கோப்பில் ^1.2.3 என்று இருந்தால் 2.0.0க்குக் கீழே எது வேண்டுமானாலும் வரலாம். ^0.2.3 என்றால் 0.2.9 வரும், 0.3.0 வராது. லாக் கோப்பு இருந்து, சர்வரில் நூலகங்களை இறக்கும் என்பிஎம் கருவியில் 'என்பிஎம் இன்ஸ்டால்' என்பதற்குப் பதில் 'என்பிஎம் சிஐ' ஓட்டினால், அன்று ஓடிய அதே பதிப்புகள்தான் இன்றும் இறங்கும். ஜாவாஸ்கிரிப்டை பிரவுசருக்கு வெளியே ஓட்டும் நோட் (Node.js) பதிப்பையும் எழுதி வைக்க வேண்டும். வீட் (Vite) என்ற பில்ட் கருவியின் 7ஆம் பதிப்புக்கு நோட் 20.19 அல்லது 22.12க்கு மேல் தேவை. 18ஐ வைத்திருப்பவருக்கு வரும் பிழைச்செய்தியைப் பார்த்தால் காரணம் நோட்தான் என்று சட்டெனத் தோன்றாது.

சர்வர் வேண்டாத வேலைக்கு சர்வர் வைக்காதீர்கள் என்பதை அழுத்திச் சொல்ல வேண்டும். 2025 டிசம்பர் தொடக்கத்தில் ரியாக்டின் சர்வரில் ஓடும் பகுதியான 'சர்வர் காம்பொனன்ட்ஸில்' ஓர் ஓட்டை வெளியானது. லாகின் எதுவும் இல்லாமலே வெளியாள் சர்வரில் தன் கோடை ஓட்டலாம். தீவிரம் பத்துக்குப் பத்து. 19.0, 19.1, 19.2 வரிசைகள் மாட்டின, 19.0.1, 19.1.2, 19.2.1இல் சரிசெய்தார்கள். ரியாக்டை பிரவுசரில் மட்டும் ஓட்டிய தளங்களுக்கு இது பொருந்தவில்லை. தேன் கடைக்கு இருப்பது ஆறு பக்கமும் ஒரு வாட்ஸ்அப் பட்டனும். அதை, நிலையான பக்கங்கள் கட்டித்தரும் ஆஸ்ட்ரோ மாதிரி ஒன்றில் வெறும் எச்டிஎம்எல்லாகக் கட்டி வைத்தால், கடைக்காரர் மூன்று வருடம் கூப்பிடாவிட்டாலும் இந்த வகை ஆபத்து கிடையாது.

நம் எழுத்தைப் போட்டுப் பாருங்கள்

'நாகர்கோவில்' என்ற சொல்லையே எடுத்துக்கொள்வோம். கண்ணுக்கு ஆறு எழுத்து. ஜாவாஸ்கிரிப்டில் நீளம் கேட்டால் 11 என்று சொல்லும்; புள்ளி, கால், கொம்பு எல்லாம் தனித்தனி. எழுத்தைச் சேமிக்கும் யுடிஎஃப்-8 முறையில் ஒவ்வொன்றும் 3 பைட், ஆக 33. அதையே யூஆர்எல்லில் போட்டால் ஒவ்வொரு பைட்டும் சதவீதக் குறியோடு மூன்று எழுத்தாகி 99 எழுத்தில் நிற்கும். ஊர்ப் பெயரை யூஆர்எல்லில் தமிழிலேயே வைக்கலாம் என்று ஆசைப்படுகிறவர்கள், அந்த இணைப்பை வாட்ஸ்அப்பில் பகிர்ந்து பார்த்துவிட்டு முடிவு செய்யலாம்.

தலைப்பை இருபது எழுத்தில் வெட்டிப் புள்ளிகள் வைக்கும் காம்பொனன்ட் எல்லா யூஐ கிட்டிலும் (பட்டன், படிவம் போன்ற தயார் பாகங்களின் தொகுப்பு) உண்டு. நீளத்தை அப்படியே எண்ணி வெட்டினால் 'கோவில்' சில இடத்தில் 'கோவில' ஆகும், 'கோ' வெறும் 'க' ஆகும். ஜாவாஸ்கிரிப்டிலேயே உள்ள இன்டிஎல் செக்மென்டர் கொண்டு எழுத்து எழுத்தாகப் பிரித்து வெட்ட வேண்டும். 2024 ஏப்ரலில் ஃபயர்ஃபாக்ஸும் சேர்ந்த பிறகு எல்லாப் பெரிய பிரவுசரிலும் அது இருக்கிறது. வரிசைப்படுத்துவதும் இப்படித்தான். எல்லா மொழி எழுத்துக்கும் எண் தரும் யூனிகோடில் ன என்பது ந-வுக்கு அடுத்து உட்கார்ந்திருக்கிறது, ற என்பது ர-வுக்கு அடுத்து. சாதாரண சார்ட் அந்த வரிசையில்தான் அடுக்கும். தமிழுக்கென்று கொலேட்டர் (மொழிக்கேற்ப வரிசைப்படுத்தும் வசதி) வைத்தால் நெடுங்கணக்கு வரிசை வரும்.

'கோ' என்பதை க + ோ என்று இரண்டாகவும் சேமிக்கலாம், க + ே + ா என்று மூன்றாகவும் சேமிக்கலாம். பார்க்க ஒன்றுபோலவே இருக்கும், தேடினால் கிடைக்காது. சேமிக்கும்போதும் தேடும்போதும் என்எஃப்சி என்ற முறையில் ஒருமைப்படுத்தினால் தமிழுக்குத் தீர்ந்தது. மலையாளத்துக்கு அது போதாது. அங்கே சில்லு எழுத்துகள், அதாவது உயிர் சேராத மெய்க்குத் தனி வடிவங்கள், உண்டு. 'அனில்' என்று முடியும் பெயரில் கடைசி ல் அப்படி ஒன்று. 2008இல் வந்த யூனிகோட் 5.1 முதல் அவற்றுக்குத் தனி இடம் இருக்கிறது. அதற்கு முன் மெய், சந்திரக்கலா (நம் புள்ளி போன்ற குறி), கண்ணுக்குத் தெரியாத ஓர் இணைப்பான் என்று மூன்றைச் சேர்த்து எழுதினார்கள். பழைய தரவில் இன்னும் அப்படியே கிடக்கும். என்எஃப்சி இரண்டையும் ஒன்றாக்காது. ண், ன், ர், ல், ள் ஆகிய ஐந்து சில்லுகளையாவது புது வடிவத்துக்கு மாற்றும் சின்ன ஃபங்ஷன் ஒன்றை நாமே எழுதி வைக்க வேண்டும். சிலர் 'தெரியாத எழுத்துகளை நீக்கு' என்று இணைப்பானை மட்டும் தூக்கிவிடுவார்கள். அப்போது சில்லு உடைந்து சந்திரக்கலாவோடு நிற்கும்; மலையாளம் படிக்கிறவர் முகம் சுளிப்பார்.

இடைவரி உயரத்தை 1.2 என்று வைத்திருக்கும் யூஐ கிட்களில் 'கூ', 'ழு' போன்றவற்றின் வால் பட்டனுக்குள் வெட்டுப்படும். மலையாளத்தில் அடுக்குக் கூட்டெழுத்து இன்னும் மோசம். 1.6 வைத்தால் இரண்டுக்கும் பொருந்தும். நெக்ஸ்டின் ஃபான்ட் வசதியில் சப்செட் (எழுத்துத் தொகுதி) என்ற இடத்தில் லத்தீனை மட்டும் எழுதினால், தமிழ் எழுத்துரு இறங்கத்தான் செய்யும், ஆனால் முன்கூட்டியே இறங்காது. எழுத்து பிறகு மாறும்போது பக்கம் குதிக்கும். தளவமைப்பு நகர்வு 0.1க்குள் இருக்க வேண்டும் என்பது கூகிளின் அளவுகோல்; இந்த ஒரு குதிப்பிலேயே அதைத் தாண்டிவிடலாம்.

அடுத்தது எங்கள் பக்கத்துக்கே உரிய கோளாறு. தமிழ்ப் பக்கத்தைப் பாறசாலையில் ஒருவர் திறந்து குரோமில் மொழிபெயர்ப்பைத் தட்டுவார். கூகிள் மொழிபெயர்ப்பு பக்கத்திலுள்ள எழுத்துத் துண்டுகளைத் தன் டேகுக்குள் சுற்றி வைக்கும். அந்தத் துண்டை அப்புறம் ரியாக்ட் நீக்கப் போனால், அது வைத்த இடத்தில் இருக்காது. பக்கம் வெள்ளையாகிவிடும். கன்சோலில் 'ரிமூவ் சைல்ட்' பிழை. நிபந்தனையோடு வந்துபோகும் எழுத்தை வெறுமனே விடாமல் ஒரு ஸ்பான் டேகுக்குள் வைத்தால் பெரும்பாலும் தப்பிக்கலாம். மலையாளப் பதிப்பை நாமே தந்துவிட்டால் இந்தத் தொல்லையே இல்லை. தரும்போது பக்கத்தின் மொழியைச் சொல்லும் 'லாங்' பண்பையும் மாற்ற வேண்டும். ஒற்றைப்பக்க ஆப்களில் மொழி மாறியும் அது பழையதிலேயே நிற்பது சகஜம். திரைவாசிப்பான் தமிழ்க் குரலில் மலையாளத்தை வாசிக்கப் பார்க்கும்.

தேதியை மட்டும் கொஞ்சம் நின்று பார்க்க வேண்டும். ரப்பர் தோட்டத்தில் பால்வெட்டு விடியுமுன்னே தொடங்கிவிடும். நாலு மணிக்கு மேற்பார்வையாளர் வருகைப் பதிவைத் திறக்கிறார். படிவத்தில் நேற்றைய தேதி. காரணம், தேதியை ஐஎஸ்ஓ வடிவத்துக்கு மாற்றி முதல் பத்து எழுத்தை வெட்டி எடுக்கும் அந்தப் பிரபலமான ஒற்றை வரி. ஐஎஸ்ஓ மாற்றம் யுடிசி என்ற உலகப் பொது நேரத்தைத் தரும். நாம் அதைவிட ஐந்தரை மணி நேரம் முன்னால் இருக்கிறோம். ஆகவே நள்ளிரவிலிருந்து காலை 5.30 வரை அந்த வரி நேற்றைத்தான் சொல்லும். பகலில் எத்தனை முறை சோதித்தாலும் பிடிபடாது. சர்வரில் உருவாக்கும் பக்கமாக இருந்தால் சர்வர் ஒரு தேதி சொல்லும், போன் ஒரு தேதி சொல்லும், இரண்டும் பொருந்தாததால் ஹைட்ரேஷன் பிழை வேறு வரும். நேரத்தை யுடிசியில் சேமியுங்கள். காட்டும்போதும் நாளைக் கணக்கிடும்போதும் ஜாவாஸ்கிரிப்டின் டேட்டைம் ஃபார்மேட்டில் நேர மண்டலம் 'ஏசியா/கொல்கத்தா' என்று வெளிப்படையாக எழுதுங்கள். சோதிக்க ராத்திரி கண்விழிக்க வேண்டாம், கணினியின் கடிகாரத்தை நாலு மணிக்கு மாற்றினால் போதும்.

கூட்டம்

இதையெல்லாம் ஒருவரே பார்க்க முடியாது என்றது இதனால்தான். மலையாளம் படிக்கத் தெரிந்த கண், பழைய போன், விண்டோஸ் லேப்டாப், மேக், எல்லாம் ஒரே அறையில் வேண்டும். திருவனந்தபுரத்தில் டெக்னோபார்க் என்ற ஐடி பூங்கா 1990இல் வந்தது. இந்தியாவின் சுதந்திர மென்பொருள் அறக்கட்டளையும் 2001இல் அங்கேதான் தொடங்கியது. சுதந்திர மலையாளம் கம்ப்யூட்டிங் குழு மலையாள எழுத்துருக்களில் ஆண்டுக்கணக்கில் உழைத்திருக்கிறது. டெக்னோபார்க் இருக்கும் கழக்கூட்டத்தில் வேலை பார்ப்பவர்களில் நம் மாவட்டத்துக்காரர்கள் நிறைய. ஆள் பஞ்சம் கிடையாது, கூட்டிச் சேர்ப்பதுதான் வேலை.

நாள் இரண்டாம் சனிக்கிழமை. கேரளத்தில் அரசு அலுவலகங்களுக்கு விடுமுறை, வங்கிகளுக்கும் விடுமுறை. ஓணத்தை ஒட்டி வைக்காதீர்கள். கன்னியாகுமரி மாவட்டத்திலும் அன்று உள்ளூர் விடுமுறை, ஆனால் யாரும் வீட்டைவிட்டு வர மாட்டார்கள். அந்தப் பக்கம் ஹர்த்தால் அறிவித்தால் பஸ் களியக்காவிளையோடு நின்றுவிடும். மாற்றுத் தேதியை முதலிலேயே சொல்லிவைக்க வேண்டும். இங்கே தென்மேற்குப் பருவமும் பெய்யும், வடகிழக்கும் பெய்யும். ரவுட்டருக்கு ஒரு சின்ன யுபிஎஸ் இல்லாமல் ஜூனிலோ நவம்பரிலோ பயிற்சி வைப்பது வீண். சாயங்காலம் ஐந்துக்குள் முடித்தால் இரண்டு பக்கத்து ஆட்களும் பஸ் பிடிக்கலாம்.

பயிற்சியில் முதலில் செத்துப்போவது இன்டர்நெட். முப்பது பேர், ஆளுக்கு 300 எம்பி இறக்கினால் 9 ஜிபி. 100 எம்பிபிஎஸ் இணைப்பு முழுதாகக் கிடைத்தால்கூட 12 நிமிடம். கல்லூரி வைஃபையில் முழுதாக எங்கே கிடைக்கிறது? அதற்கு வெர்டாசியோ என்ற உள்ளூர் ரெஜிஸ்ட்ரியை (பேக்கேஜ் கிடங்கு) ஒரு லேப்டாப்பில் ஓட்டலாம். 4873ஆம் போர்ட்டில் அது நிற்கும். முந்தின நாள் ஒருமுறை எல்லாப் பேக்கேஜையும் அதன் வழியாக இறக்கி வைத்துவிட்டால், மறுநாள் மற்றவர்கள் அதிலிருந்தே எடுத்துக்கொள்வார்கள். இங்கே ஒரு கண்ணி உண்டு. பல கல்லூரி வைஃபைகளில் ஒரு கருவி இன்னொரு கருவியைப் பார்க்க முடியாதபடி பூட்டியிருப்பார்கள். அப்போது வெர்டாசியோ ஓடியும் பயனில்லை. நம் சொந்த ரவுட்டர் ஒன்றைக் கொண்டுபோவது உத்தமம்.

பென்டிரைவில், இறக்கிய பேக்கேஜெல்லாம் இருக்கும் நோட்மாட்யூல்ஸ் ஃபோல்டரையே காப்பி பண்ணிக் கொடுப்பது வேலைக்கு ஆகாது. வீட் 7 உள்ளே பயன்படுத்தும் ஈஎஸ்பில்ட், ரோல்அப் போன்றவை ஒவ்வொரு இயங்குதளத்துக்கும் தனி பைனரி வைத்திருக்கின்றன. மேக்கில் இறக்கியது விண்டோஸில் ஓடாது. என்பிஎம்முக்கு மாற்றான பிஎன்பிஎம் பயன்படுத்தினால் அந்த ஃபோல்டர் முழுக்க கோப்பு இணைப்புகளால் ஆனது, எக்ஸ்ஃபேட் பென்டிரைவ் அவற்றைத் தாங்காது.

"அண்ணா, எனக்கு மட்டும் சிவப்பா வருது" என்று ஒரு குரல் எப்போதும் கேட்கும். விண்டோஸாக இருந்தால் பத்தில் ஐந்து முறை காரணம் அதன் கட்டளைத் திரையான பவர்ஷெல்தான்; ஸ்கிரிப்ட் ஓடத் தடை என்று சொல்லும். சிஎம்டியில் அதே கட்டளை ஓடிவிடும். புராஜெக்டை ஒன்டிரைவ் ஒத்திசைக்கும் டெஸ்க்டாப்பில் வைத்திருந்தால் நகர்த்தச் சொல்லுங்கள். சான்றிதழ் பிழை என்றால் கல்லூரி புராக்ஸி நடுவில் நிற்கிறது. எஸ்எஸ்எல் சரிபார்ப்பை அணைக்கச் சொல்லித் தீர்வு தரும் ஆட்களைக் கேட்காதீர்கள். அணைத்தது அந்தப் பையனின் லேப்டாப்பில் அப்படியே கிடக்கும். கல்லூரியின் சான்றிதழைக் கேட்டு வாங்கி என்பிஎம்மில் சேர்க்கலாம், அல்லது அன்றைக்கு மொபைல் ஹாட்ஸ்பாட்.

போனில் சோதிக்க வீட் (Vite) சர்வரை ஹோஸ்ட் கொடியோடு (--host) ஓட்ட வேண்டும். இல்லாவிட்டால் அது அந்த லேப்டாப்புக்குள் மட்டும்தான் கேட்கும். கொடி போட்டும் வரவில்லையென்றால் விண்டோஸ் ஃபயர்வால்.

பேச்சு இருபது நிமிடத்துக்கு மேல் வேண்டாம். தமிழோ மலையாளமோ அவரவர் மொழியில் மெதுவாகப் பேசினால் போதும், இருபக்கமும் புரியும். மொழிபெயர்க்க உட்கார்ந்தால்தான் நேரம் போகும். ஸ்லைடைவிட, வேண்டுமென்றே உடைத்துவைத்த ஒரு ரெப்போ (கிட்டில் உள்ள கோடுத் தொகுப்பு) மேல். மேலே சொன்ன தேதிக் கோளாறு ஒரு கிளையில், சில்லு தேடல் ஒரு கிளையில், மொழிபெயர்ப்பில் வெள்ளையாகும் பக்கம் ஒரு கிளையில். மூன்று மூன்று பேராகப் பிரித்து, ஒவ்வொரு குழுவிலும் மலையாளம் படிப்பவர் ஒருவர் இருக்கும்படி பார்த்துக்கொள்ளுங்கள். புரொஜெக்டர் பழசாக இருக்கும். எடிட்டரில் வெள்ளைப் பின்னணி, எழுத்து 20க்குக் குறையாமல். பழம்பொரியும் கட்டன் காப்பியும் இடைவேளையில்தான், கீபோர்டுக்குப் பக்கத்தில் வேண்டாம்.

மதியத்துக்கு மேல், கண்டுபிடித்த கோளாறு ஃபிரேம்வொர்க்கினுடையது என்று உறுதியானால் அன்றைக்கே புகார் எழுதிவிட வேண்டும். வீட்டுக்குப் போய் எழுதலாம் என்றால் நடக்காது. எழுதுகிறவர் ஒருவர், அதைத் தன் கணினியில் திரும்பச் செய்து பார்க்கிறவர் இன்னொருவர். ரெப்போவில் அந்தக் கோளாறு தவிர வேறொன்றும் இருக்கக் கூடாது. நோட், பிரவுசர், ஃபிரேம்வொர்க் பதிப்பு மூன்றையும் எழுதுங்கள். தமிழ் அல்லது மலையாளச் சொல்லை ஒட்டினால் அதன் யூனிகோட் எண்களையும் கூடவே தர வேண்டும். படிக்கிறவருக்கு நம் எழுத்து தெரியாது, இரண்டு 'கோ'வும் அவர் கண்ணுக்கு ஒன்றே. எதிர்பார்த்தது என்ன, வந்தது என்ன என்று ஸ்கிரீன்ஷாட் இரண்டு. பதில் கேட்டுக் கேள்வி வந்தால் யார் பார்ப்பது என்பதை அறையைப் பூட்டுமுன் பேசி வைத்துக்கொள்ளுங்கள், ஏனென்றால் சில இடங்களில் பதில் இல்லாத புகாரைக் குறிப்பிட்ட நாள் கழித்து ஒரு பாட் தானாகவே மூடிவிடும்.